பழைய அலுவலகக் கணினிகளில் தரவு அழிப்பும் அதற்கு ஆகும் செலவும்

தரவு அழிப்பு என்பது, பயன்பாட்டிலிருந்து விலக்கப்படும் கணினியில் பதிந்துள்ள தகவல்களை எவரும் மீண்டும் எடுக்க முடியாதபடி நீக்குவதாகும். வங்கி, மருத்துவமனை, பள்ளி, தணிக்கையாளர் அலுவலகம் என எந்த நிறுவனமானாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய கணினிகளை மாற்றுகிறது. பழைய கணினியை விற்கலாம், நன்கொடையாகத் தரலாம், உடைத்துப் பழைய இரும்புக்குப் போடலாம். எதைச் செய்தாலும் அதற்கு முன் தரவை அழித்தாக வேண்டும். இந்த வேலைக்கு நேரமும் ஆளும் பணமும் தேவை. புதிய கணினி வாங்கும்போது போடப்படும் வரவு செலவுத் திட்டத்தில் இந்தச் செலவு பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அந்த விடுபாட்டால் விளைந்த இழப்புகளையும், செலவு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நீக்குவதும் அழிப்பதும் ஒன்றல்ல

ஒரு நூலகத்தில் அட்டவணை அட்டையைக் கிழித்துவிட்டால் புத்தகம் மறைந்துவிடாது. அது அலமாரியிலேயே இருக்கும். எந்த அலமாரி என்பதுதான் தெரியாமல் போகும். கணினியில் ஒரு கோப்பை நீக்கும்போது நடப்பதும் இதுதான். கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்பு நீங்குகிறது. அந்த இடம் புதிய தகவல் எழுதக் கிடைக்கும் இடமாகக் குறிக்கப்படுகிறது. வேறொன்று அதன் மேல் எழுதப்படும் வரை பழைய எழுத்துகள் வன்தட்டில் அப்படியே இருக்கும். தரவு மீட்பு மென்பொருள்கள் அலமாரி அலமாரியாகத் தேடி அவற்றை எடுத்துவிடும்.

விரைவு ஃபார்மட் செய்வதும் அட்டவணையைப் புதிதாக எழுதுவதற்குச் சமமே. விண்டோஸ் விஸ்டா காலம் முதல் முழு ஃபார்மட் செய்யும்போது வட்டு முழுவதும் பூச்சியங்கள் எழுதப்படுகின்றன. அதற்கு முந்தைய பதிப்புகளில் அதுவும் கிடையாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமல், விரைவு ஃபார்மட் முடிந்ததும் கணினியைக் கைமாற்றிவிடுபவர்கள் பலர்.

இதை எளிய முறையில் நிறுவிய ஆய்வு ஒன்று 2003-இல் வெளியானது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அப்போது மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் ஆகிய இருவரும் 2000 நவம்பர் முதல் 2002 ஆகஸ்டு வரை 158 பழைய வன்தட்டுகளைச் சந்தையில் வாங்கினர். அவற்றுள் 129 இயங்கின. முறையாக அழிக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றில் 5,000-க்கும் மேற்பட்ட கடன் அட்டை எண்கள், மருத்துவக் குறிப்புகள், சொந்தக் கடிதங்கள் ஆகியவை கிடைத்தன. ஒரு வட்டு ஏ.டி.எம். இயந்திரத்தில் இருந்தது. அதில் வங்கிக் கணக்கு எண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன.

அழிப்பின் மூன்று படிநிலைகள்

அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம், சுருக்கமாக நிஸ்ட், இத்துறைக்கான வழிகாட்டியை 2006-இல் வெளியிட்டது. 800-88 என்ற எண்ணால் அறியப்படும் இவ்வழிகாட்டியின் திருத்திய பதிப்பு 2014-இல் வந்தது. பல நாட்டு நிறுவனங்கள் இதையே பின்பற்றுகின்றன. அது அழிப்பை மூன்று படிகளாகப் பிரிக்கிறது.

1. துடைத்தல்: வட்டில் பயனர் அணுகக்கூடிய எல்லா இடங்களிலும் புதிய தரவை மேலெழுதுதல். சாதாரண மீட்பு மென்பொருள்களால் பழைய தரவை எடுக்க முடியாது. கணினி மறுபயன்பாட்டுக்கு ஏற்றதாகவே இருக்கும்.

2. களைதல்: ஆய்வுக்கூடக் கருவிகளைக் கொண்டும் எடுக்க முடியாத அளவுக்கு நீக்குதல். வட்டிலேயே அமைந்த அழிப்புக் கட்டளையை இயக்குதல், குறியாக்கச் சாவியை அழித்தல், வலிய காந்தப்புலத்தால் காந்தநீக்கம் செய்தல் ஆகியவை இதில் அடங்கும்.

3. சிதைத்தல்: துண்டுதுண்டாக வெட்டுதல், பொடியாக்குதல், உருக்குதல், எரித்தல். அதன்பின் வட்டு எதற்கும் பயன்படாது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பது தரவின் முக்கியத்துவத்தையும், கணினி நிறுவனத்தின் கையை விட்டுப் போகிறதா என்பதையும் பொறுத்தது. கணக்குப் பிரிவிலிருந்து வரவேற்பு மேசைக்கு மாற்றப்படும் கணினிக்குத் துடைத்தல் போதும். வெளியாருக்கு விற்கப்படும் கணினியில் நோயாளிகளின் விவரங்கள் இருந்திருந்தால் களைதலோ சிதைத்தலோ தேவை.

எத்தனை முறை மேலெழுத வேண்டும்?

இக்கேள்விக்கான விடை செலவை நேரடியாகத் தீர்மானிக்கிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த பீட்டர் குட்மன் 1996-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் 35 வகை மேலெழுதல்களைப் பட்டியலிட்டார். அக்காலத்தில் வழக்கிலிருந்த பலவகை வட்டுகளுக்கும் சேர்த்துத் தயாரித்த பட்டியல் அது. எந்த வட்டுக்கும் முப்பத்தைந்தையும் செய்யத் தேவையில்லை என்று பின்னர் அவரே விளக்கினார். ஆனால் 35 என்ற எண் மட்டும் மக்கள் மனத்தில் நின்றுவிட்டது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பெயரால் வழங்கும் மூன்று முறை மேலெழுதலும் அப்படிப்பட்ட பழைய மரபே. இன்றைய காந்த வட்டுகளுக்குப் பொதுவாக ஒருமுறை மேலெழுதலே போதும் என்பது நிஸ்ட் வழிகாட்டியின் நிலைப்பாடு.

இதை நேரக் கணக்காகப் பார்ப்போம். ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள வன்தட்டு, நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதுகிறது என்று கொள்வோம்.

* ஒருமுறை எழுத: 10,00,000 ÷ 150 = சுமார் 6,667 நொடி; அதாவது ஏறத்தாழ 1 மணி 51 நிமிடம்.
* மூன்று முறை எழுத: சுமார் ஐந்தரை மணி நேரம்.
* 35 முறை எழுத: சுமார் 65 மணி நேரம்; அதாவது இரண்டே முக்கால் நாள்.

எழுதி முடித்தபின் சரியாக அழிந்ததா என்று முழு வட்டையும் படித்துப் பார்க்க இன்னொரு 1 மணி 51 நிமிடம் ஆகும். இந்தச் சரிபார்ப்பு நேரம் வீண் அன்று. 35 முறை எழுதிவிட்டுச் சரிபார்க்காமல் விடுவதைவிட, ஒருமுறை எழுதிச் சரிபார்ப்பதே பாதுகாப்பானது.

எஸ்.எஸ்.டி.க்களில் உள்ள சிக்கல்

இன்றைய மடிக்கணினிகளில் சுழலும் வட்டு இல்லை, எஸ்.எஸ்.டி. எனப்படும் சில்லு நினைவகமே உள்ளது. இதன் நினைவக அறைகள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் எழுதித் துடைக்கத் தாங்கும். ஓரிடமே தேய்ந்துவிடாதபடி, உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். ஒரு கோப்பின் மேல் எழுதச் சொன்னால், அது வேறோர் அறையில் எழுதிவிட்டு, பழைய அறையை ஒதுக்கிவைக்கும். வெளியிலிருந்து பார்க்கும் மென்பொருளுக்கு அந்த அறை தெரியாது. சில்லைக் கழற்றிப் படிப்பவருக்குத் தெரியும்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011-இல் இதைச் சோதித்தனர். தனிக் கோப்பை அழிக்க வன்தட்டுக்கென உருவான முறைகள் எதுவும் எஸ்.எஸ்.டி.யில் பயன்தரவில்லை. முழு வட்டையும் இருமுறை மேலெழுதுவது பெரும்பாலும் பலன் தந்தது, எப்போதும் அன்று. உள்ளமைந்த அழிப்புக் கட்டளைகள் சரியாகச் செய்யப்பட்டிருந்தால் நன்றாக வேலை செய்தன. சில தயாரிப்புகளில் அக்கட்டளைகளே பிழையாக அமைந்திருந்தன.

காந்தநீக்கமும் இங்கே உதவாது, ஏனெனில் சில்லு நினைவகம் காந்தத்தால் பதிவதில்லை. பல அலுவலகங்களில் பயன்படும் இலவச மென்பொருளான டி.பேன் சுழலும் வட்டுகளுக்காக உருவாக்கப்பட்டது, எஸ்.எஸ்.டி.க்கு அதை நம்ப முடியாது. எஸ்.எஸ்.டி.யைச் சிதைப்பதாக இருந்தாலும் துண்டுகள் மிகச் சிறியவையாக இருக்க வேண்டும். ஒரு சில்லு முழுதாகத் தப்பினால் அதிலுள்ள தரவும் தப்பிவிடும்.

செலவின் கூறுகள்

மென்பொருளின் விலை மட்டுமே அழிப்புச் செலவு என்று நினைப்பது தவறு. அதன் கூறுகள் பின்வருமாறு.

* கணக்கெடுப்பு: எத்தனை கணினிகள், ஒவ்வொன்றிலும் எத்தனை வட்டுகள், அவற்றின் வரிசை எண்கள் என்ன என்று பட்டியலிடுதல்.
* சேமிப்பும் போக்குவரத்தும்: அழிக்கும் வரை பூட்டிய அறையில் வைத்தல், யார் யாரிடம் ஒப்படைத்தார் என்று கையெழுத்து வாங்குதல்.
* அழிப்பு: மென்பொருள் உரிமம் அல்லது கருவி வாடகை, வேலையாள் ஊதியம்.
* சரிபார்ப்பும் சான்றிதழும்: ஒவ்வொரு வட்டுக்கும் வரிசை எண்ணுடன் கூடிய பதிவு.
* பழுதான வட்டுகள்: இயங்காத வட்டில் மேலெழுத முடியாது. ஆனால் அதில் தரவு இருக்கும். எனவே அதைச் சிதைத்தே ஆக வேண்டும்.
* இழக்கும் மறுவிற்பனை மதிப்பு: வட்டைச் சிதைத்தால் அக்கணினியின் விலை குறையும். இது ரசீதில் தெரியாத செலவு.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். இதிலுள்ள தொகைகள் கணக்கைப் புரிந்துகொள்வதற்காக மட்டும் எடுத்துக்கொண்டவை. சந்தை விலைகள் அல்ல. ஓர் அலுவலகத்தில் 60 கணினிகள். ஒவ்வொன்றுக்கும் வேலையாள் செலவிடும் நேரம் 20 நிமிடம் (மீதி நேரம் இயந்திரம் தானே ஓடும்). மணிக்கு ஊதியம் 200 ரூபாய். மென்பொருள், சான்றிதழ் சேர்த்துக் கணினிக்கு 150 ரூபாய். வட்டைச் சிதைக்க 100 ரூபாய். வட்டில்லாத கணினியின் விற்பனை விலை 1,500 ரூபாய் குறையும்.

*முதல் வழி, மேலெழுதி விற்பது:* ஊதியம் 20 மணி × 200 = 4,000. மென்பொருள் 60 × 150 = 9,000. பழுதான வட்டுகள் ஆறு என்று கொண்டால், சிதைக்க 600, விலைக் குறைவு 9,000. மொத்தம் 22,600 ரூபாய்.

*இரண்டாம் வழி, எல்லா வட்டுகளையும் சிதைப்பது:* சிதைக்க 60 × 100 = 6,000. விலைக் குறைவு 60 × 1,500 = 90,000. மொத்தம் 96,000 ரூபாய்.

ரசீதை மட்டும் பார்த்தால் சிதைப்பது மலிவு. முழுக் கணக்கையும் பார்த்தால் நான்கு மடங்குக்கு மேல் அதிகம். அதே வேளையில், கணினிகள் விற்க இயலாத அளவுக்குப் பழையவையானால் இந்தக் கணக்குத் தலைகீழாகும். இழக்க மறுவிற்பனை மதிப்பு இல்லாதபோது சிதைப்பதே எளிது.

செலவைத் தவிர்த்ததால் நேர்ந்தவை

*இங்கிலாந்தின் சர்ரே சுகாதார அமைப்பு.* என்.எச்.எஸ். சர்ரே 2010-இல் தரவு அழிப்புக்குப் புதிய நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. அது கட்டணம் கேட்கவில்லை. வட்டுகளை அழித்துவிட்டு, மீதிப் பாகங்களை விற்றுக்கொள்வது என்பது ஏற்பாடு. முறையான ஒப்பந்தம் எழுதப்படவில்லை. 2012 மே மாதம், இணைய ஏலத்தில் பழைய கணினி வாங்கிய ஒருவர் அதில் நோயாளிகளின் விவரங்கள் இருப்பதாகத் தெரிவித்தார். சுமார் 900 பெரியவர்கள், 2,000 குழந்தைகளின் விவரங்கள் அவை. 2013-இல் தகவல் ஆணையர் அலுவலகம் 2,00,000 பவுண்டு அபராதம் விதித்தது. பாகங்களை விற்றுப் பிழைக்கும் நிறுவனத்துக்கு வட்டை உடைக்காமல் விற்பதில்தான் லாபம். கட்டணமில்லா ஏற்பாட்டில் அந்த ஆசைக்குத் தடைபோட ஒன்றும் இருக்கவில்லை.

*பிரைட்டன் மருத்துவமனைகள்.* 2010-இல் பிரைட்டன், சசெக்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனைகளின் சுமார் 1,000 வன்தட்டுகளை அழிக்கும் வேலை, ஒப்பந்ததாரரின் துணை ஒப்பந்ததாரர் அமர்த்திய ஒரு தனியாள் கையில் போய்ச் சேர்ந்தது. குறைந்தது 252 வட்டுகள் வெளியே கடத்தப்பட்டன. பல ஏலத்தளத்தில் விற்கப்பட்டன. எச்.ஐ.வி. சிகிச்சை பெற்றோர் உள்ளிட்ட பல்லாயிரம் பேரின் விவரங்கள் அவற்றில் இருந்தன. 2012-இல் விதிக்கப்பட்ட அபராதம் 3,25,000 பவுண்டு. தன் நோய் இன்னதென்று நெருங்கிய உறவினருக்கும் சொல்லாத ஒருவரின் ரகசியம், முகம் தெரியாத ஒருவர் ஏலத்தில் எடுத்த வட்டில் கிடந்தது. அபராதத் தொகையால் அந்த இழப்பை அளக்க இயலாது.

*மார்கன் ஸ்டான்லி.* இந்த அமெரிக்க நிதி நிறுவனம் 2016-இல் இரண்டு தரவு மையங்களை மூடியது. ஆயிரக்கணக்கான வட்டுகளையும் வழங்கிகளையும் அகற்றும் பொறுப்பை, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு சாமான் பெயர்ப்பு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அந்நிறுவனம் சாதனங்களை மற்றவருக்கு விற்க, சில தரவுடனேயே இணைய ஏலத்துக்கு வந்தன. வாங்கியவர்களுள் ஒரு கணினி ஆலோசகர் 2017-இல் நிறுவனத்துக்கே மின்னஞ்சல் எழுதித் தெரிவித்தார். பின்னர் கிளை அலுவலகங்களில் அகற்றப்பட்ட வழங்கிகளுள் 42 காணாமல் போயிருப்பது தெரியவந்தது. அச்சாதனங்களில் குறியாக்க வசதி இருந்தும் பல ஆண்டுகள் இயக்கப்படவில்லை. பாதிக்கப்படக்கூடிய வாடிக்கையாளர்கள் சுமார் ஒன்றரைக் கோடிப் பேர்.

நிறுவனத்துக்கு ஏற்பட்ட செலவு பின்வருமாறு:

* 2020: வங்கிக் கண்காணிப்பு அலுவலகம் விதித்த அபராதம், 6 கோடி டாலர்.
* 2022: வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கில் சமரசத் தொகை, 6 கோடி டாலர்.
* 2022: பங்கு மற்றும் பரிவர்த்தனை ஆணையத்தின் அபராதம், 3.5 கோடி டாலர்.
* 2023: ஆறு மாநிலங்களுடன் சமரசம், 65 லட்சம் டாலர்.

மொத்தம் 16 கோடியே 15 லட்சம் டாலர். பங்கு ஆணையத்தின் முடிவுகளை நிறுவனம் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. விற்ற சாதனங்களுள் மிகப் பெரும்பாலானவை இன்றுவரை திரும்பக் கிடைக்கவில்லை என்பது ஆணையத்தின் ஆவணத்தில் உள்ள செய்தி.

*மறந்துபோகும் சாதனங்கள்.* நகலெடுக்கும் இயந்திரங்களிலும் வன்தட்டு உண்டு. அமெரிக்காவின் அஃபினிட்டி என்னும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், வாடகைக்கு எடுத்த நகலெடுப்பு இயந்திரங்களை வட்டைத் துடைக்காமல் திருப்பிக் கொடுத்தது. அவற்றுள் ஒன்றை ஒரு தொலைக்காட்சி நிறுவனம் வாங்கி, அதிலிருந்த நோயாளிகளின் விவரங்களைக் கண்டுபிடித்தது. 2013-இல் காப்பீட்டு நிறுவனம் 12 லட்சம் டாலருக்கு மேல் செலுத்தி விவகாரத்தை முடித்துக்கொண்டது.

செலவைக் குறைக்கும் முறையான வழிகள்

மிகச் சிறந்த வழி, கணினி வாங்கிய நாளிலேயே முழு வட்டுக் குறியாக்கத்தை இயக்கிவிடுவது. விண்டோஸின் சில பதிப்புகளில் பிட்லாக்கர், மேக் கணினிகளில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ் ஆகியவை கூடுதல் விலையின்றிக் கிடைக்கின்றன. முதல் நாளிலிருந்தே வட்டில் பதிவதெல்லாம் பூட்டிய வடிவில் இருந்தால், கடைசி நாளில் சாவியை அழித்தாலே போதும். சில நொடிகளில் வேலை முடியும். சாவியின் பிரதி வேறெங்கும் இருக்கக் கூடாது என்பது இதன் நிபந்தனை. வட்டு பழுதானாலும், வழியில் திருடுபோனாலும் இப்பாதுகாப்பு நீடிக்கும். மேலே கண்ட நிறுவனம் இந்த வசதியை இயக்கியிருந்தால், காணாமல் போன 42 வழங்கிகள் வெறும் இரும்புப் பெட்டிகளாக இருந்திருக்கும்.

பிற வழிகளும் உண்டு. பல வட்டுகளை ஒரே நேரத்தில் அழிக்கலாம். தேவையற்ற பலமுறை மேலெழுதலை நிறுத்தலாம். வாங்கும் விலையிலேயே அழிப்புச் செலவையும் ஒதுக்கிவைக்கலாம். மிக முக்கியமானது, வெளியே அனுப்பிய வட்டுகளின் வரிசை எண்களையும் சான்றிதழில் உள்ள எண்களையும் ஒப்பிடுவது. 60 அனுப்பி 58-க்குச் சான்றிதழ் வந்தால், மீதி இரண்டும் எங்கே என்று அன்றே கேட்க வேண்டும்.

இந்தியச் சட்டம்

இந்தியாவின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு அவை அமைந்துள்ளன. எந்த நோக்கத்துக்காகத் தரவு பெறப்பட்டதோ அது முடிந்தபின், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலன்றி, தரவை அழிக்க வேண்டும் என்கிறது இச்சட்டம். தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். வேலையை வெளியாரிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு தரவைப் பெற்ற நிறுவனத்துடையதே.

2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, பெருமளவில் மின்சாதனங்களைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் மின்கழிவைப் பதிவுபெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடமே தர வேண்டும். இவ்விதிகள் சுற்றுச்சூழலுக்கானவை. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்துவிட்டதாலேயே தரவு அழிந்ததாகப் பொருளில்லை. அதைத் தனியே எழுதிக் கேட்டுப் பெற வேண்டும்.

சிறு நிறுவனங்களுக்கான நடைமுறை

பத்துக் கணினிகள் உள்ள பள்ளியோ கடையோ கீழ்க்கண்ட வரிசையைப் பின்பற்றலாம்.

1. தேவையான கோப்புகளைப் படியெடுத்து, படி திறக்கிறதா என்று பார்க்கவும்.
2. ஒவ்வொரு வட்டின் வரிசை எண்ணையும் ஒரு பதிவேட்டில் எழுதவும். நகலெடுப்பு இயந்திரம், கண்காணிப்புக் கேமராப் பதிவுப்பெட்டி ஆகியவற்றையும் சேர்க்கவும்.
3. சுழலும் வட்டானால் ஒருமுறை முழுதாக மேலெழுதிச் சரிபார்க்கவும். எஸ்.எஸ்.டி. ஆனால் தயாரிப்பாளர் தரும் அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்தவும்.
4. இயங்காத வட்டைக் கழற்றி எடுத்து, தனியே சிதைக்கக் கொடுக்கவும்.
5. செய்தவர் பெயர், தேதி, முறை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடவும். அதன்பிறகே கணினியை வெளியே அனுப்பவும்.

இவற்றுக்குத் தேவை ஒரு பதிவேடும் சில மணி நேரமும். வட்டிலுள்ள விவரங்கள் மாணவர், நோயாளி, வாடிக்கையாளர் எனப் பிறருடையவை. அவர்கள் நம்பிக் கொடுத்த விவரம் சந்தைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது, கணினியை வைத்திருந்தவரின் கடைசிக் கடமையாகும்.